டெல்டா வி (எம்.ஐ.டி. முடுக்கித் திட்டம்)

டெல்டா வி என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் அமைந்துள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் மாணவர்களுக்காக ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நடத்தும் முடுக்கித் திட்டம் ஆகும். சொந்தமாக நிறுவனம் தொடங்க விரும்பும் மாணவர் குழுக்கள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் முழுநேரமும் அதே வேலையில் ஈடுபட்டு, செப்டம்பர் மாதத்தில் தங்கள் நிறுவனத்தை அவையோர் முன் அறிமுகப்படுத்துகின்றன. கழகத்தின் மார்ட்டின் டிரஸ்ட் தொழில்முனைவு மையம் இதனை நடத்துகிறது. குழுக்களுக்குப் பணம் தரும் இம்மையம் அதற்கு ஈடாக அவற்றின் பங்குரிமை எதையும் பெறுவதில்லை. வணிக முடுக்கிகளிலிருந்து இத்திட்டத்தை வேறுபடுத்துவது முதன்மையாக இதுவே. (சென்னை குரோம்பேட்டையிலும் எம்.ஐ.டி. என்றே அழைக்கப்படும் பொறியியல் கல்லூரி ஒன்று உண்டு. அதற்கும் இத்திட்டத்துக்கும் தொடர்பில்லை.)

பெயர்க் காரணம்

இயற்பியலில் டெல்டா என்னும் கிரேக்க எழுத்து மாற்றத்தையும், வி என்பது திசைவேகத்தையும் குறிக்கும். விண்கலம் ஒன்று ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்கு மாறுவதற்குத் தேவையான திசைவேக மாற்றத்தை விண்வெளிப் பொறியாளர்கள் டெல்டா வி என்பர். புவியின் ஈர்ப்பிலிருந்து முற்றாக விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்பது பள்ளிப் பாடநூல்களில் காணப்படும் செய்தி. வளாகத்தின் பாதுகாப்பான சூழலிலிருந்து வெளியேறத் தேவையான வேகத்தை மாணவர்களுக்கு அளிப்பது என்ற பொருளில் இப்பெயர் சூட்டப்பட்டது. 2012 இல் தொடங்கிய இத்திட்டம் நிறுவுநர் திறன் முடுக்கி என்றும், பின்னர் உலகளாவிய நிறுவுநர் திறன் முடுக்கி என்றும் வழங்கி வந்தது. இப்போதைய பெயர் 2016 இல் ஏற்பட்டது.

பின்னணி

முடுக்கி என்பதும் இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்ப்பகம் என்பதும் ஒன்றல்ல. வளர்ப்பகத்தில் ஒரு நிறுவனம் குறைந்த வாடகைக்கு இடம் பெற்று ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கலாம். முடுக்கியிலோ பல குழுக்கள் ஒரே நாளில் உள்ளே வந்து, ஒரே நாளில் வெளியேறுகின்றன. இடையிலுள்ள காலம் மிகக் குறுகியது.

இம்முறை உருவானதும் கேம்பிரிட்ஜ் நகரிலேயே ஆகும். 2005 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பால் கிரகாம், ஜெசிக்கா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் ஆகியோர் அங்கு ஒய் காம்பினேட்டர் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அவ்வாண்டு கோடையில் அவர்கள் நடத்திய முதல் திட்டம் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களையும் அப்போதுதான் படிப்பை முடித்தவர்களையும் கருதியே அமைந்தது. விடுமுறையில் பெருநிறுவனம் ஒன்றில் வேலைக்குச் செல்வதற்கு மாற்றாக, அதே மூன்று மாதங்களில் சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பார்க்கலாம் என்பதே அதன் அழைப்பு. எட்டுக் குழுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இருவர் கொண்ட குழுவுக்கு 12,000 டாலர் அளவில் பணம் தரப்பட்டது. அதற்கு ஈடாக நிறுவனத்தின் ஏறத்தாழ 6 விழுக்காட்டுப் பங்கு பெறப்பட்டது. அந்த எட்டில் ஒன்றுதான் ரெடிட். மற்றொரு குழுவான லூப்டின் நிறுவுநர் சாம் ஆல்ட்மன், இசுட்டான்போர்டு பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்தியவர்.

பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரு சிக்கலை உண்டாக்கியது. தொழில் தொடங்கும் எண்ணமுள்ள மாணவருக்கு முதற்பணமும் வழிகாட்டலும் வளாகத்துக்கு வெளியே கிடைத்தன. அவற்றுக்கு விலையாக நிறுவனத்தின் ஒரு பகுதியையும், சிலவேளை பட்டப்படிப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எம்.ஐ.டி. 2012 இல் தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியதை இந்தச் சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

செயல்முறை

விண்ணப்பிக்கும் குழுவில் எம்.ஐ.டி. மாணவர் இருக்க வேண்டும். அக்குழு கோடை முழுவதும் வேறு வேலையை ஏற்காமல் இதில் ஈடுபட வேண்டும். 2010களில் நடைமுறையிலிருந்த ஏற்பாட்டின்படி, மாணவ நிறுவுநர் ஒருவருக்கு மாதம் 2,000 டாலர் உதவித்தொகை வழங்கப்பட்டது. இதைத் தவிர, தான் முன்கூட்டியே குறித்துக்கொண்ட இலக்குகளை எட்டிய குழு மொத்தம் 20,000 டாலர் வரை பெற முடிந்தது.

இலக்குகள் எட்டப்பட்டனவா என்பதை முடிவு செய்யும் முறையே இத்திட்டத்தின் சிறப்பான கூறு. ஒவ்வொரு குழுவுக்கும் பாவனை இயக்குநர் அவை ஒன்று அமைக்கப்படுகிறது. அனுபவமுள்ள தொழில்முனைவோரும் துறை வல்லுநர்களும் இதில் உறுப்பினராக இருப்பர். மாதம் ஒரு முறை கூடும் இந்த அவையின் முன் மாணவர்கள் கணக்குகளையும் முன்னேற்றத்தையும் வைக்க வேண்டும். எத்தனை வாடிக்கையாளர்களிடம் பேசினீர்கள், அவர்களில் எத்தனை பேர் பணம் கொடுக்க முன்வந்தனர், சென்ற மாதம் சொன்னதை ஏன் செய்யவில்லை என்பன போன்ற வினாக்கள் எழும். உண்மையான நிறுவனத்தில் இயக்குநர் அவை தலைமை அலுவலரையே நீக்க வல்லது. இங்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனாலும் அடுத்த தவணைப் பணம் அவையின் மதிப்பீட்டைச் சார்ந்திருப்பதால், கூட்டம் வெறும் நாடகமாகிவிடுவதில்லை.

மையத்தின் மேலாண்மை இயக்குநர் பில் அவுலெட் 2013 இல் வெளியிட்ட நூல், தொழில் தொடங்குவதை 24 படிகளாகப் பகுக்கிறது. திட்டத்தின் பயிற்சிகள் பெரிதும் இம்முறையைத் தழுவியவை. பொருளை உருவாக்குவதற்கு முன் அதை வாங்கப் போகிறவர் யார் என்பதைத் துல்லியமாக அறிதல் இதன் அடிப்படை. பொறியியல் மாணவர்களுக்கு இதுவே மிகக் கடினமான படி எனலாம். கருவி செய்வதில் தேர்ந்தவர்கள் கருவியிலிருந்தே தொடங்க விரும்புவது இயல்பு.

கோடையின் முடிவில், கழகத்தின் கிரெஸ்கி அரங்கில் குழுக்கள் தத்தம் நிறுவனத்தை மேடையில் விளக்குகின்றன. 2017 இல் நியூயார்க் நகரிலும் இதன் கிளை ஒன்று தொடங்கப்பட்டது. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 ஆம் ஆண்டுத் திட்டம் இணையவழியே நடந்தது.

பங்குரிமையும் அறிவுசார் உரிமையும்

பங்குரிமை பெறாமை ஒரு தாராள குணமாக மட்டும் கருதத்தக்கதன்று. பங்கு வைத்திருப்பவருக்கு நிறுவனம் வளர்வதே நலன். ஆசிரியருக்கு மாணவர் கற்பதே நலன். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஒரு குழுவின் எண்ணம் சந்தையில் எடுபடாது என்று சூலை மாதத்திலேயே தெரிந்துவிட்டால், அதைக் கைவிடச் சொல்வது ஆசிரியருக்கு எளிது. முதலீட்டாளருக்கு அது இழப்பு. மாணவர்களில் யாருக்குப் பிறரைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குவது என்ற கேள்வியிலும் பங்குரிமை ஆசிரியரின் நடுநிலையைக் குலைக்கக்கூடும். தாம் உருவாக்குவது நிறுவனங்களை அல்ல, தொழில்முனைவோரை என்று மையம் கூறிவருவதன் பொருள் இதுவே.

எனினும் பங்குரிமை இல்லை என்பதைக் கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எந்த உரிமையும் இல்லை என்று கொள்ளலாகாது. கழகத்தின் நிதியையோ ஆய்வுக்கூட வசதிகளையோ குறிப்பிடத்தக்க அளவில் பயன்படுத்தி உருவான கண்டுபிடிப்பின் உரிமை கழகத்தையே சாரும். அமெரிக்க நடுவண் அரசின் பணத்தில் நடந்த ஆய்வாயின், 1980 ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே தன் முனைவர் பட்ட ஆய்விலிருந்து நிறுவனம் தொடங்கும் மாணவர், தன் சொந்தக் கண்டுபிடிப்புக்கே கழகத்திடம் உரிமம் பெற வேண்டியிருக்கலாம். விடுதி அறையில் தன் கணினியில் எழுதிய மென்பொருளுக்கு இந்நிலை பொதுவாக இல்லை.

பங்கேற்ற சில நிறுவனங்கள்

2016 ஆம் ஆண்டுக் குழுக்களில் கேத்வொர்க்சு, இந்தியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள சிறு உழவர்களுக்காகச் சூரிய ஆற்றலில் இயங்கும் நீர் இறைப்பான்களை வடிவமைத்தது. மின்சாரம் எட்டாத வயல்களில், மழைக்காலம் முடிந்த பின்னும் பயிர் செய்ய உதவுவது அதன் நோக்கம். அதே ஆண்டில் பங்கேற்ற ரெண்டெவர், முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கு மெய்நிகர் காட்சிக் கருவிகளை வழங்குகிறது.

2017 இல் பங்கேற்ற பயோபாட் அனலிட்டிக்சு நகரக் கழிவுநீரை ஆய்வு செய்து, அங்கு வாழும் மக்களின் உடல்நிலையை அறிய முற்பட்டது. எம்.ஐ.டி. ஆய்வொன்றிலிருந்து பிறந்த இந்நிறுவனம் முதலில் அபின் வகை மருந்துகளின் பயன்பாட்டை அளவிடுவதில் கவனம் செலுத்தியது. 2020 இல் கொரோனா தீநுண்மியைக் கழிவுநீரில் கண்டறியும் பணியில் இறங்கியபின் இதன் பெயர் பரவலாக அறியப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடைத் திட்டத்தில் இருந்தபோது இப்பயனை யாரும் திட்டமிட்டிருக்க இயலாது.

திறனாய்வு

வெற்றி பெற்ற நிறுவனங்களைக் காட்டி ஒரு முடுக்கியின் பயனை நிறுவ முடியாது. கடும் போட்டியில் தேர்வான, ஏற்கனவே தேர்ந்த மாணவர்கள், முதலீட்டாளர்கள் நிறைந்த பாசுடன் வட்டாரத்தில் தொழில் தொடங்குகின்றனர். திட்டம் இல்லாமலும் அவர்களில் பலர் வென்றிருக்கக்கூடும். எம்.ஐ.டி. 2015 இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, அதன் முன்னாள் மாணவர்கள் தொடங்கி அப்போது இயங்கிவந்த நிறுவனங்கள் ஏறத்தாழ 30,200 என மதிப்பிட்டது. அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை இத்திட்டம் தோன்றுவதற்கு முற்பட்டவை.

யார் பங்கேற்க முடிகிறது என்பது மற்றொரு கேள்வி. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கோடைப் பயிற்சியாளருக்குத் தரும் ஊதியம் மேற்கூறிய உதவித்தொகையைவிடப் பன்மடங்கு மிகுதி. கேம்பிரிட்ஜ் நகரின் வீட்டு வாடகையோ அமெரிக்காவின் மிக உயர்ந்த வாடகைகளுள் ஒன்று. கல்விக்கடன் உள்ள மாணவருக்கும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாணவருக்கும் மூன்று மாத ஊதியத்தை இழப்பது எளிதன்று. மாணவர் நுழைவிசைவில் வந்துள்ள வெளிநாட்டினர் தனி அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய இயலாது என்பதால், கோடை முடிந்தபின் தாம் தொடங்கிய நிறுவனத்திலேயே பணிபுரிய அவர்களுக்குத் தடை நேரலாம்.

பிற பல்கலைக்கழகங்களில்

இசுட்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களிடையே 2009 இல் முளைத்த முயற்சியிலிருந்து வளர்ந்த இசுடார்ட்-எக்சு அமைப்பும் பங்குரிமை கோருவதில்லை. ஆயினும் 2013 இல் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும் இணைந்து, இவ்வமைப்பில் பயின்ற நிறுவனங்களில் முதலீடு செய்வதற்கென நிதியம் ஒன்றை ஏற்படுத்தின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 2012 இல் தோன்றிய இசுகைடெக், பின்னர் தனியார் நிதியம் ஒன்றின் வழியாகக் குழுக்களில் முதலீடு செய்து பங்கு பெறும் முறைக்கு மாறியது. அந்நிதியத்தின் இலாபத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறது.