கற்பித்தல் பயிற்சியில் காணொளிப் பதிவு

கற்பித்தல் பயிற்சியில் காணொளிப் பதிவு என்பது, பயிற்சி ஆசிரியர் நடத்தும் பாடத்தைப் படம்பிடித்து, அதை அவரே பார்த்துத் தம் கற்பித்தலைத் திருத்திக்கொள்ளும் முறையாகும்.

தோற்றம்

1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் பணியாற்றியோரும் நுண்ணிலைக் கற்பித்தலை உருவாக்கினர. ஒரு திறன், சிறு பாடப்பகுதி, சில மாணவர்கள், சில நிமிடங்கள் என்பதே அதன் அமைப்பு. அங்கு நாடாவில் பதிவு செய்த வேலையை இன்று திறன்பேசி செய்கிறது. இந்தியாவில் என்.சி.இ.ஆர்.டி. முறைப்படி ஒரு சுற்றுக்கு 36 நிமிடங்கள் ஆகும்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6.

காத்திருப்பு நேரம்

ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, விடையளிக்காதோர் குறைந்தனர். பாடம் நடத்துபவருக்கு இந்த நொடிகள் தெரிவதில்லை. பதிவை ஓடவிட்டு எண்ணினால் தெரிந்துவிடும்.

வறண்ட நிலப் பகுதியில்

விருதுநகர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் உள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரி நிலமும் கண்மாய்களும் கொண்டது. இத்தகைய ஊர்ப் பள்ளியில் நீர் பற்றிய பாடத்துக்கு அவ்வூர்க் கண்மாயின் மடையையும் கலுங்கையும் பயிற்சி ஆசிரியரே படமெடுத்துக் காட்டலாம். "கோடையில் கண்மாய் ஏன் வற்றுகிறது?" என்ற வினாவுக்கு விடை சொல்லும் அனுபவம் அங்குள்ள குழந்தைக்கு உண்டு. அதைச் சொல்லாக்க நேரம் வேண்டும். ஆசிரியர் முந்திக்கொண்டால், விடை தெரிந்த குழந்தையும் தெரியாதவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

பதிவைத் திறன்பேசியிலேயே பார்க்கலாம், இணையம் தேவையில்லை. மின்விசிறி இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கருவியை அருகில் வைக்க வேண்டும். அது ஆசிரியரை நோக்கி இருப்பது நல்லது. குழந்தைகள் பதிவில் வருவதாக இருந்தால் தலைமையாசிரியர், பெற்றோர் ஒப்புதல் பெற வேண்டும். சமூக ஊடகத்தில் பகிரக் கூடாது. ஒரு பதிவில் ஒரு திறனை மட்டும் பார்த்துத் திருத்தி, மறுகற்பித்தலையும் பதிவு செய்து ஒப்பிட்டால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.