பாதியாகக் குறைந்த கணக்கு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் 52 லட்சம் பேர் என்று 2006-இல் அரசு சொன்னது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 57 லட்சம் என்றது. அந்தக் கணக்குப்படி தென்னாப்பிரிக்காவைத் தாண்டி உலகிலேயே முதலிடத்தில் இந்தியா நின்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே எண் சுமார் 25 லட்சமாக இறங்கியது. இடைப்பட்ட மாதங்களில் பாதிப் பேர் குணமாகவும் இல்லை, இறந்துபோகவும் இல்லை. மாறியது எண்ணும் முறைதான்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு, பாலியல் தொழிலில் இருந்த சில பெண்களின் ரத்தத்தில் இந்தக் கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தது. நோய் பரவுகிறது என்பது அதோடு உறுதியாயிற்று. எத்தனை பேரிடம் பரவியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேட, நாடெங்கும் கண்காணிப்பு மையங்கள் வந்தன. 1998-இல் இருநூறுக்கும் குறைவாக இருந்தவை 2006-இல் 1,100-ஐத் தாண்டின. பெரும்பாலும் அரசு மருத்துவமனைகள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் வரிசையாக 400 பேரின் ரத்தத்தைப் பெயர் குறிக்காமல் சோதிப்பார்கள். பால்வினை நோய்ப் பிரிவுகளுக்கு வருவோரையும் சேர்த்துக்கொள்வார்கள். அதிலிருந்து மாநிலக் கணக்கும் நாட்டுக் கணக்கும் போடப்பட்டன.

இதில் இரண்டு விதமான பிழைகள் ஒளிந்திருந்தன. முதலாவது தற்செயல் பிழை. 400 பேரில் நான்கு பேருக்குத் தொற்று இருந்தால் ஒரு சதவீதம் என்று எழுதிவிடுவோம். வேறொரு மாதத்தில், வேறு 400 பேர் வந்திருந்தால் அந்த நான்கு பேர் இரண்டாக இருந்திருக்கலாம், ஏழாகவும் இருந்திருக்கலாம். அந்த நான்கிலிருந்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது தற்செயலைக் கருத்தில் கொண்டு உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லைகளை, கணக்கிட்டால் அது ஏறத்தாழ 0.3 முதல் 2.5 சதவீதம் வரை விரிகிறது. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல எட்டு மடங்கு! ஒற்றை மையத்தின் எண்ணை வைத்து ஒரு மாவட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தப் பிழையைக் குறைக்க வழி உண்டு. ஆட்களைக் கூட்ட வேண்டும். ஆனால் இடைவெளியைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவைப்படுவார்கள்.

இரண்டாவது பிழைதான் 52 லட்சத்தை உண்டாக்கியது. அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் ஊரின் சரியான மாதிரி அல்லர். அங்கே ஏழைகள் அதிகம். தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் தனியார் மருத்துவர்களும் இருந்தார்கள். ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் ஆய்வாளர் லலித் தண்டோனாவும் சகாக்களும் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். 15 முதல் 49 வயதினரில் தொற்று 1.72 சதவீதம், இடைவெளி 1.35 முதல் 2.09 வரை. மருத்துவமனை முறையில் கணக்கிட்டால் அதே மாவட்டத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வந்தது.

கண்காணிப்பு மையங்கள் அனைத்திலும் சேர்ந்த ரத்த மாதிரிகள் சில லட்சம். அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தற்செயல் பிழை மிகச் சிறிதாகிவிடும், நம்பிக்கை இடைவெளியும் ஒடுங்கிவிடும். ஆனால் ஒடுங்கிய அந்த இடைவெளி தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஆட்களை இன்னும் பத்து மடங்கு கூட்டினாலும் அது நகராது. மக்கள் நலம் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டியது இது என்று நான் நினைக்கிறேன்: நம்பிக்கை இடைவெளி தற்செயலை மட்டுமே அளக்கிறது. யாரைத் தேர்ந்தோம், யாரை விட்டோம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

2005-06-இல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வு இந்தக் குறையை நேர்செய்தது. ஊர்களும் வார்டுகளும் குலுக்கல் முறையில் தேர்வாயின, அவற்றுக்குள் வீடுகளும் அப்படியே. சம்மதித்தவர்களின் விரல் நுனியிலிருந்து சில சொட்டு ரத்தம் வடிகட்டித் தாளில் உலர்த்தப்பட்டது. ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே சோதிக்கப்பட்டார்கள். கிடைத்த விடை 0.28 சதவீதம், தமிழ்நாட்டில் 0.34. வீடு வீடாகப் போகும் ஆய்வுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. லாரியிலும் விடுதியிலும் தெருவிலும் வாழ்பவர்கள் அதில் அகப்படமாட்டார்கள். அதையெல்லாம் ஈடுசெய்து, மருத்துவமனைக் கணக்கையும் இணைத்துத்தான் 0.36 சதவீதம் என்ற புதிய மதிப்பீடு வந்தது. ஆள்கணக்கில் அதற்கு எல்லைகளும் தரப்பட்டன: 20 லட்சம் முதல் 31 லட்சம் வரை. பழைய 52 லட்சம் அந்த எல்லைகளுக்கு வெகு தொலைவில் இருந்தது.

இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிக்கையில் எண்ணும் எல்லையும் சேர்ந்தே வருகின்றன. 2021-க்கு 24.01 லட்சம், கீழே 19.92, மேலே 29.07. ஒன்பது லட்சம் பேர் அகலமான இந்த இடைவெளியைப் பலவீனம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில், 2006-இன் ஒற்றை எண்ணைவிட இது பல மடங்கு நாணயமானது. எவ்வளவு மருந்து வாங்குவது, எந்த மாவட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவெடுப்பவருக்கு இரண்டு எல்லைகளும் தேவை.

ஆனால் இந்த மாற்றம் அறிக்கையோடு நின்றுவிடுகிறது. செய்தியில் 24.01 போன்ற ஒற்றை எண் மட்டுமே அச்சாகிறது. அடுத்த அறிக்கையில் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் அசைந்தால் 'உயர்ந்தது' என்றோ 'சரிந்தது' என்றோ தலைப்பு வைத்துவிடுகிறோம். இரண்டு ஆண்டுகளின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்து கிடக்கும்போது, அந்த அசைவை ஏற்றம் என்றோ இறக்கம் என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. பத்திரிகை நண்பர்களே, அறிக்கையில் அடைப்புக்குள் இருக்கும் அந்த இரண்டு எண்களையும் தயவுசெய்து அச்சிடுங்கள். கூடவே ஒரு வரியில், யாரிடம் கேட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.