அடுத்த வீட்டுக் கிணறு வற்றினால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில், டெக்ஸாஸ் ராஜ்யத்தில் உள்ள ஓர் ஊர் டெனிசன். அங்கே ஒருவர் தம் வீட்டில் கிணறு வைத்திருந்தார். ஆழம் 33 அடி. வீட்டுச் செலவுக்கு அந்தத் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

1901-ம் ஆண்டில் ரெயில்வே கம்பெனி ஒன்று பக்கத்திலேயே பெரிய கிணறு வெட்டியது. ஆழம் 66 அடி. ரெயில் என்ஜின்களுக்கும் பட்டறைக்குமாகத் தினம் 25 ஆயிரம் காலன் தண்ணீர் இறைத்தது. வீட்டுக் கிணறு வற்றிவிட்டது!

அவர் கோர்ட்டுக்குப் போனார். 1904-ல் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தன் நிலத்துக்கு அடியில் கிடைக்கும் தண்ணீரை நிலத்துக்காரர் தாராளமாக எடுக்கலாம். அதனால் அடுத்தவர் கிணறு வற்றினாலும் நஷ்ட ஈடு கிடையாது என்பதே தீர்ப்பின் சாரம்.

போர்டுகள் பிறந்தன

இப்படியே விட்டால் என்ன ஆகும்? பெரிய பம்பு வைத்தவருக்கே தண்ணீர்!

ஆகவே 1949-ல் ஒரு சட்டம் வந்தது. நிலத்தடி நீரைக் காக்க அந்தந்தப் பகுதி மக்களே போர்டு அமைத்துக்கொள்ளலாம் என்றது. 1951-ல் பருத்தி விளையும் லப்பக் பகுதியில் முதல் போர்டு தோன்றியது. இன்று சுமார் 100 போர்டுகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் அங்கத்தினர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கிணறு வெட்ட அனுமதி கொடுப்பது, கிணற்றுக்குக் கிணறு இடைவெளி வகுப்பது, இறைக்கும் அளவைக் கட்டுப்படுத்துவது ஆகியவை இந்தப் போர்டுகளின் வேலை.

பரீட்சையில் பாஸ், தண்ணீர்?

ஒவ்வொரு போர்டும் தன் இலக்குகளை எழுதி, 5 ஆண்டுக்கு ஒரு முறை ராஜ்ய சர்க்காரின் ஒப்புதல் பெற வேண்டும். இலக்கு நிறைவேறியதா என்று ராஜ்யத் தணிக்கை அதிகாரி சோதிக்கலாம்.

ஆனால் இலக்குகள் பல எப்படிப்பட்டவை? ஆண்டுக்கு இத்தனை கிணறுகளில் நீர்மட்டம் அளப்போம். சிக்கனம் பற்றி இத்தனை கட்டுரைகள் வெளியிடுவோம்! இவற்றைச் செய்து முடித்தால் போர்டு பாஸ். கிணற்றில் தண்ணீர் நின்றதா என்பது வேறு கேள்வி.

இந்தக் குறையைப் போக்க 2005-ல் மற்றொரு சட்டம் வந்தது. ராஜ்யம் 16 நீர்ப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரே பகுதியில் உள்ள போர்டுகள் கூடி, பல ஆண்டு கழித்து நிலத்தடி நீர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

லப்பக் போர்டு ஏற்றுக்கொண்ட இலக்கு என்ன தெரியுமா? 50 ஆண்டில் பாதித் தண்ணீராவது மிஞ்ச வேண்டும் என்பதே! அங்கே மழைநீர் பூமிக்குள் இறங்குவது மிகக் கொஞ்சம். எனவே, இலக்கு நிறைவேறினாலும் பாதித் தண்ணீர் போய்விடும்.

வற்றிய ஊற்று

சான் அன்டோனியோ பக்கத்தில் கதை வேறு. 1956-ம் ஆண்டுப் பஞ்சத்தில் புகழ் பெற்ற கோமல் ஊற்று 144 நாள் வற்றிக் கிடந்தது. பிற்காலத்தில், ஊற்றுகளில் வாழும் அரிய சிறு மீன்களைக் காக்க வழக்கு நடந்தது. 1993-ல் அந்தப் பகுதிக்குத் தனி ஆணையம் அமைந்தது.

ஆண்டுக்கு 5 லட்சத்து 72 ஆயிரம் ஏக்கர் அடிக்கு மேல் இறைக்க அனுமதி இல்லை. (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீரே ஏக்கர் அடி.) குறிப்பிட்ட ஒரு கிணற்றில் மட்டம் இறங்கினால், அனுமதி பெற்ற எல்லோரும் இறைப்பதைக் குறைத்தாக வேண்டும். சுண்ணாம்புப் பாறையானதால் நல்ல மழை பெய்தால் மட்டம் சீக்கிரம் ஏறும். கோமல் ஊற்று 1956-க்குப் பிறகு அடியோடு வற்றியதில்லை.

கட்டிய கைகள்

எல்லாப் போர்டுகளாலும் இவ்வளவு கண்டிப்பாக இருக்க முடிவதில்லை. நிலத்தடி நீர் நிலத்துக்காரரின் சொத்து. கட்டுப்பாடு அளவு மீறினால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. வழக்குக்குப் பயந்து கை கட்டி நிற்கும் நிலை!

அதோடு, 10 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர் வீட்டுக்கும் கால்நடைக்குமாகச் சிறு கிணறு வெட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை. சிறு கிணறு என்றால்? தினம் 25 ஆயிரம் காலன் வரை!

டெனிசனில் அன்று ஒரு வீட்டுக் கிணற்றை வற்ற வைத்ததும் இதே அளவுதான்.

இலக்கு நிறைவேறியது என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.