“எங்க அப்பா டாக்டர் இல்லக்கா!”

சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் நாலு கோடு நோட்டை நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. ‘மை ஃபாதர் இஸ் எ டாக்டர்’ என்று ஆங்கிலத்தில் பக்கம் முழுக்க எழுதியிருந்தாள்.

“இதுல என்னம்மா எழுதியிருக்க?”

“எழுதத் தெரியும்க்கா. வாசிக்கத்தான் தெரியாது.”

பொருளைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். “எங்க அப்பா டாக்டர் இல்லக்கா. கரிமூட்டம் போடுறாரு.”

கரும்பலகையைப் பார்த்து வரைவது எழுத்து ஆகாது. மனதில் இருப்பதைத் தாளில் இறக்குவதே எழுத்து. நம் பிள்ளைகளில் பலர் தொடக்கப் பள்ளி முழுவதும் ஆங்கிலத்தை வரைந்தே கடக்கிறார்கள். கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலத் தாளில் அரியர் விழுகிறது. ‘இவங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஊர் சொன்னதைப் பிள்ளையே நம்பத் தொடங்குகிறது. படிப்பு நின்றுபோவது அங்கேதான்.

ராமநாதபுரத்துக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1785 வாக்கிலேயே பாதிரியார் சுவார்ட்ஸ் முயற்சியில் இங்கு ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. அவர் பெயர் தாங்கிய பள்ளியில்தான் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் படித்தார். ஆனால் நகரத்துக்கு வந்த ஆங்கிலம் சேரிக்கு நடந்துவர இரண்டு நூற்றாண்டு ஆனது. எங்கள் குடும்பத்தில் ஏ, பி, சி, டி எழுதிய முதல் ஆள் நான். அதுவும் மூன்றாம் வகுப்பில்தான்.

ஆங்கிலம் கற்கச் சொல்லி ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கவிதை எழுதினார் சாவித்திரிபாய் பூலே. அவரது முதல் கவிதை நூல் 1854-இல் வந்தது. வகுப்பறையில் தனியே சாக்குத் துணியில் உட்கார வைக்கப்பட்ட அம்பேத்கர், சாதி ஒழிப்பு குறித்த தம் புகழ்பெற்ற உரையை 1936-இல் ஆங்கிலத்தில் அச்சிட்டார். எழுதத் தெரிந்ததால் அவர் சொன்னதை உலகம் படித்தது.

சரி, சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முதல் சிக்கல் ஒலி. ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’ தான். நான்காவதும் இருபதாவதும் ‘டி’ தான். பிள்ளை குழம்புவது அறிவுக் குறைவால் அல்ல. இரு மொழிகளின் எழுத்து முறை வேறு. ஆனால் அந்த ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ‘பா’ ஒரு ஒலி, கடைசியில் வரும் ‘பு’ வேறு ஒலி. ‘சட்டி’, ‘வண்டி’ சொல்லிப் பாருங்கள். இரண்டு ‘டி’யும் ஒன்றல்ல. இப்படித் தாய்மொழியில் காதைப் பழக்கிவிட்டு எழுத்தைக் காட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, சொல். போட், நெட், ஐஸ், பஸ், எஞ்சின் எல்லாம் கடற்கரைப் பிள்ளைகள் தினமும் பேசும் சொற்கள். ஆப்பிளில் தொடங்காமல் இவற்றில் தொடங்கலாம். ‘போட்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனால் உடனே சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். கேட்ட ஒலியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. பாராட்டிவிட்டு, விட்ட எழுத்தைக் காட்டினால் போதும்.

மூன்றாவது, வாக்கியம். முதலில் பிள்ளை தன் வீட்டுச் செய்தியைத் தமிழில் சொல்லட்டும். அதை ஆங்கிலத்தில் சொல்ல உதவுங்கள். வாயில் படிந்த பிறகு எழுதச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி, “கரிக்கு இங்கிலீஷ்ல என்னக்கா?” என்று கேட்டாள். ‘என் அப்பா கரி சுடுகிறார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டு இடத்தில் பிழை. ஆனால் விரல் வைத்து முழுதாக வாசித்தாள். அப்பாவின் தொழிலைச் சொல்ல அவளுக்குக் கூச்சம் இல்லை. நோட்டுக்குள் அதற்கு இடம் இல்லாமல் செய்தது நாம்தான்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை அறிந்து தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. அது நம் தெருப் பள்ளியில் எப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். உங்கள் பிள்ளையின் நோட்டைக் கொண்டுபோய், “இதை வாசிக்கச் சொல்லுங்க” என்று கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காருங்கள். பெரிய புலமை வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம், அது அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியமாக இருந்தால் போதும்.