தரவுத்தளத் தொழில்நுட்ப மாற்றமும் நிரலாளர்களும்

தரவுத்தளத் தொழில்நுட்ப மாற்றம் என்பது, தரவுகளைச் சேமித்து மேலாண்மை செய்யும் மென்பொருள்களில் காலந்தோறும் ஏற்பட்டுவரும் மாற்றத்தைக் குறிக்கும். ஒரே மென்பொருளை மட்டும் அறிந்த நிரலாளர், அது வழக்கொழியும்போது வேலைவாய்ப்பை இழக்க நேரிடலாம். எனினும் மென்பொருள்கள் மாறும் வேகத்தில் அவற்றின் அடிப்படைக் கருத்துகள் மாறுவதில்லை. எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்று பிரித்தறிவதே புதிய தொழில்நுட்பத்தைக் கற்பதன் முதற்படியாகும்.

வரலாறு

1970 இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் காட், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் தொடர்புசார் மாதிரியை முன்வைத்தார். 1974 இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் வெளியிட்ட வினவல் மொழியே பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர் பெற்றது.

இந்தியாவில் 1990களில் சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு போன்ற சிறு அலுவலகப் பணிகளுக்கு டிபேஸ், பாக்ஸ்புரோ ஆகியவை பரவலாகப் பயன்பட்டன. பாக்ஸ்புரோவை 1992 இல் வாங்கிய மைக்ரோசாப்ட், இனிப் புதிய பதிப்பு வெளிவராது என 2007 இல் அறிவித்தது. அதன் இறுதிப் பதிப்புக்கான ஆதரவு 2015 இல் முடிவுற்றது. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்தன.

பெரும் இணையத்தளங்களின் தரவுகள் ஒரே கணினியில் அடங்காத நிலை ஏற்பட்டபோது, அவற்றைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் முறைகள் தோன்றின. கூகுளின் பிக்டேபிள் (2006), அமேசானின் டைனமோ (2007) ஆகியவை பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் இதற்கு வழிகாட்டின. பேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் ஆகியோர் உருவாக்கிய கசாண்ட்ரா 2008 இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. மோங்கோடிபி 2009 இல் வந்தது. இவை பொதுவாக நோஎஸ்கியூஎல் எனப்படுகின்றன. இந்தியாவின் ஆதார் திட்டத்தில் மைஎஸ்கியூஎல்லுடன் எச்பேஸ், மோங்கோடிபி ஆகியனவும் பயன்படுத்தப்பட்டன.

மாறாத அடிப்படைகள்

பெண்ணாடத்தில் உள்ள ஒருவர் விருத்தாச்சலத்தில் உள்ள உறவினருக்கு 500 ரூபாய் அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு கணக்கில் பணம் கழிக்கப்பட்டு, மற்றதில் சேர்க்கப்படும் முன் கணினி நின்றுவிட்டால் அந்தத் தொகை காணாமற்போகும். இதைத் தடுக்க, இரு செயல்களும் ஒரே பரிவர்த்தனையாகக் கருதப்படுகின்றன. ஒவ்வொரு மாற்றமும் தரவில் எழுதப்படும் முன் ஒரு பதிவேட்டில் குறிக்கப்படும். கணினி மீண்டும் இயங்கும்போது பதிவேட்டைப் படித்து, நின்ற நிலை வரையிலான மாற்றங்கள் மீண்டும் நிகழ்த்தப்படும். பின்னர் முடிவுறாத பரிவர்த்தனைகள் நீக்கப்படும்.

இம்முறையை ஏரீஸ் என்ற பெயரில் 1992 இல் சக ஆய்வாளர்களுடன் விரிவாக வெளியிட்டவர் ஐபிஎம் அறிவியலாளர் சி. மோகன். இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்று, பின்னர் கணினி அறிவியலுக்கு மாறியவர். நோஎஸ்கியூஎல் அலையில் பழைய பாடங்கள் மறக்கப்படுவதை 2013 இல் ஒரு கட்டுரையில் விமர்சித்த இவரே, பின்னாளில் பிளாக்செயின் ஆய்விலும் ஈடுபட்டார். முன்கூட்டியே பதிவேட்டில் எழுதும் கருத்து போஸ்ட்கிரெஸ்கியூஎல், கசாண்ட்ரா, மோங்கோடிபி ஆகிய மூன்றிலும் உள்ளது.

மாறுபவை

பெரிதும் மாறுவது தரவை வடிவமைக்கும் முறையாகும். எடுத்துக்காட்டாக, தொடர்புசார் தரவுத்தளத்தில் மின் நுகர்வோர் விவரம் ஓர் அட்டவணையிலும், கட்டணப் பட்டியல் வேறோர் அட்டவணையிலும் இருக்கும். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆவண வகைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டண ஆவணத்திலும் நுகர்வோரின் பெயரும் முகவரியும் சேர்த்தே எழுதப்படலாம். அப்போது ஒரே வாசிப்பில் அனைத்தும் கிடைக்கும். ஆனால் முகவரி மாறினால் பல இடங்களில் திருத்த வேண்டும். பழைய அட்டவணைகளை அப்படியே புதிய தரவுத்தளத்திற்கு நகலெடுப்போருக்கு இருவகைப் பயனும் கிட்டுவதில்லை.

இரு வகைகளும் தற்போது நெருங்கி வருகின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2014 இல் ஆவணங்களை இருமவடிவில் சேமிக்கும் வசதியைப் பெற்றது. மோங்கோடிபி 2018 இல் பல ஆவணங்களை உள்ளடக்கிய பரிவர்த்தனைகளை ஏற்றது.

வேலைவாய்ப்பு

2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 க்கும் மேற்பட்டோரை, விடுவிக்கப்போவதாக அறிவித்தது. இவர்களுள் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலைப் பணியாளர்கள் எனக் கூறப்பட்டது. திறன் பொருந்தாமை ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. பணிமூப்பு மட்டுமே பாதுகாப்பன்று என்பதை இது காட்டுகிறது.

அதேவேளை, பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்குத் தரவுகளை மாற்றும் பணிக்கு இரண்டையும் அறிந்தவர் தேவை. பழைய அட்டவணைகளின் பொருளையும், அவற்றில் படிந்துள்ள பிழைகளையும் அறிந்தவர் புதியதையும் கற்கும்போது அவரது அனுபவம் வீணாவதில்லை.

கற்கும் வழிகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல், மரியாடிபி, கசாண்ட்ரா ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள்; எவரும் கட்டணமின்றி நிறுவிப் பழகலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் என்பிடெல் தளத்தில் தரவுத்தளப் பாடங்களை இலவசமாகக் காணலாம். தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. ஒரே சிறு செயலியை இருவகைத் தரவுத்தளங்களிலும் எழுதி ஒப்பிடுவது நல்ல பயிற்சியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

தரவுத்தளம்
எஸ்கியூஎல்
கட்டற்ற மென்பொருள்