கொய்யாக் காயில் சொறி

கொய்யா, நாவல், தைலமரம் மூன்றும் ஒரே குடும்பத்தவை. புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெட்டுக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் காசு பார்க்க உதவுவது கொய்யாதான். அதையும் சொறி நோய் கெடுக்கிறது.

பச்சைக் காயில் துரு நிறத்தில் சிறு புள்ளிகள் தோன்றும். நாளடைவில் தோல் வெடித்து, ஓரம் தடித்து, நடுவில் குழியும். பூச்சி மருந்தால் மட்டும் இது தீராது. 'பெஸ்டலோஷியாப்சிஸ்' என்னும் பூசணத்தின் வேலை இது. தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சி குத்திய புண் வழியே உள்ளே நுழைகிறது. பெரும்பாலும் சொறி தோலோடு நின்றுவிடும். சதை நன்றாயிருக்கிறது என்றால் சந்தையில் யார் கேட்கிறார்கள்?

ஐப்பசி மழைக்கு முன்பே உதிர்ந்த காய்களையும் காய்ந்த குச்சிகளையும் பொறுக்கி எரித்துவிட வேண்டும். பிஞ்சுப் பருவத்தில் 1 சத போர்டோ கலவையை 15 நாளுக்கு ஒரு முறையாக 3, 4 தடவை தெளிக்கலாம். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்க்கவும். சிவந்த செம்புப் படிவு தெரிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். இல்லையேல் இலை கருகும். கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.