கல்லில் பெயர், தகட்டில் உருவம்: திருவொற்றியூர்க் கல்வெட்டுகளும் சென்னை ஆடல்மகளிர் ஒளிப்படங்களும்

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிற் கல்வெட்டுகள் ஆடல்மகளிர் வரலாற்றுக்கு இன்றியமையாத சான்றுகளாகும். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று சதுரன் சதுரி என்னும் தேவரடியாரைப் பெயர் சுட்டிக் குறிப்பதுடன், நாகன் பெருங்காடனின் மனைவி என்றும் அவரை அடையாளப்படுத்துகிறது. 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பதியிலார், தேவரடியார், இடபத்தளியிலார் ஆகியோரிடையே பணிப் பங்கீடு குறித்து எழுந்த பூசலையும் அதற்குக் காணப்பட்ட தீர்வையும் பதிவு செய்துள்ளன. இச்சான்றுகளில் உருவம் இல்லை. பெயரும் பணியும் உரிமையும் உண்டு. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதே கோயிலுக்குத் தெற்கே சில கல் தொலைவில் அமைந்த சென்னை நகரின் ஒளிப்படக் கூடங்கள் இதற்கு நேர்மாறானதொரு சான்றை உருவாக்கின. அவற்றில் முகமும் அணிகலனும் துல்லியமாகத் தெரிகின்றன. ஆடியவர் யார் என்பது மட்டும் தெரிவதில்லை.

தலைப்பு செய்த வேலை

ஆளைக் காட்டிலும் வகையைக் காட்டும் போக்குக்கு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஒளிப்படத் தொகுப்பு முன்மாதிரியாயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், தேவதாசி என்பது அகர வரிசையில் இடம்பெறும் மற்றொரு சாதித் தலைப்பாகவே அமைகிறது. வீலே அண்டு கிளைன் போன்ற சென்னைக் கூடங்களின் காலத்தில் பட அஞ்சலட்டை வணிகம் இப்போக்கைப் பெருக்கியது. அட்டையின் கீழே 'நாட்ச் கேர்ள், மெட்ராஸ்' என்ற ஒரு வரி போதுமானதாயிருந்தது. கப்பலில் வந்திறங்கிய பயணிக்கு ஆடியவரின் பெயர் தேவைப்படவில்லை. ஊரின் பெயர் தேவைப்பட்டது.

இச்சொல்லைத் தமிழாக்கும்போது 'தேவதாசி' என எழுதிவிடுவது ஆய்வேடுகளில் இன்றும் காணப்படும் பிழை. கோயிற்பணி செய்தவர், திருமண வீடுகளில் சின்னமேளம் ஆடியவர், இந்துஸ்தானிப் பாட்டும் ஆட்டமும் பயின்றவர், கூடத்தில் உடையணிவித்து நிறுத்தப்பட்டவர் என யாரையும் 'நாட்ச்' என்னும் சொல் குறித்தது. தலைப்பு விற்பனையாளருடையது. அதனைப் படத்தில் இருப்பவரின் சமூக நிலைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

நிற்கும் உடல்

படங்களில் காணும் விறைப்பான நிலையை அக்கால ஆடலின் இயல்பாகக் கருதுவதும் பொருந்தாது. உலர்தகடு வந்தபின் ஒளிபடும் நேரம் குறைந்ததெனினும், கூடத்தின் மங்கிய வெளிச்சத்தில் அசையாதிருப்பது இன்னும் தேவையாயிற்று. சதிர் என்பது அடவின் வேகமும் முகத்தின் நுண்ணிய மாற்றமும் கலந்த கலை. அவ்விரண்டையும் தகடு ஏற்கவில்லை. எஞ்சியது, தூக்கி நிறுத்திய ஒரு கை, தூண் வரைந்த திரை, தரைவிரிப்பு.

ஆயினும் இப்படங்கள் தரும் செய்திகள் குறைந்தவையல்ல. தலைசாமான், இராக்கொடி, சடைநாகம், ஒட்டியாணம் ஆகியவற்றின் அமைப்பையும், சேலையை அடியாடைக்கு மேல் கட்டிய முறையையும் அவற்றால் அறியலாம். குழுப்படங்களில் நட்டுவனாரும், மத்தளத்தை இடுப்பில் கட்டிய கலைஞரும், துத்தி ஊதுபவரும் ஆடுபவரின் பின்னே நிற்கின்றனர். இது கூடத்திற்காகச் செய்த ஏற்பாடு மட்டுமன்று. இசைக் குழுவினர் நின்று, ஆடுபவரைப் பின்தொடர்ந்து வாசித்த வழக்கம் உண்மையில் இருந்தது; மேடையின் ஒரு பக்கத்தில் அவர்களை அமர்த்தியது பின்னாளைய மாற்றம். பின்னணித் திரை பொய்யாக இருக்கும் அதே படத்தில் மத்தளத்தின் கயிறு மெய்யாக இருக்கிறது.

பெயர் எங்கே எஞ்சியது

ஒப்புநோக்க ஒரு பழைய சான்று உண்டு. 1838இல் திருவேந்திபுரத்திலிருந்து பாரிசு சென்ற குழுவின் அம்மணியைச் சிற்பி பார் வெண்கலத்தில் வடித்தார். அம்மணியின் பெயர் நமக்குக் கிடைப்பதற்குச் சிற்பியின் பரிவைவிட, நுழைவுச்சீட்டு விற்ற அரங்கின் தேவையே காரணம் எனலாம்.

சென்னையிலும் அதே விதி செயற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இசைத்தட்டு நிறுவனங்கள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி ஆகியோரைப் பெயரிட்டே விற்றன. குரலை வாங்குபவர்க்குப் பாடியவர் யார் என்பதே பொருள். வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடை போன்ற நாடக அரங்குகள் வளர்ந்த காலத்தில், நடிகரின் பெயரே நாடகத் துண்டறிக்கையின் முதலீடாயிற்று. எஸ். ஜி. கிட்டப்பாவுக்கும் கே. பி. சுந்தராம்பாளுக்கும் பெயரோடு கூடிய படங்கள் உள்ளமை இவ்வணிகத்தின் விளைவு. 1931 மார்ச்சில் மியூசிக் அகாதெமி மேடையில் ஆடிய இராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகிய உடன்பிறந்தாரோ 'கல்யாணி டாட்டர்ஸ்' எனத் தாயின் பெயரால் அறிவிக்கப்பட்டனர். இங்குப் பெயர் மரபுவழியைச் சுமந்தது.

பெயரற்ற படத்திற்கு இன்று பெயர் சூட்டும் ஆர்வம் பெருகியுள்ளது. முகச் சாயலை மட்டும் கொண்டு ஓர் அஞ்சலட்டையைப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவருக்கு உரியதாக்குவது, முன்னைய அழிப்பின்மேல் இரண்டாவது அழிப்பாகும். படத்தில் உள்ள பெண்மணி அதனால் மீண்டும் மறைகிறார். ஒரே தகட்டிலிருந்து வெவ்வேறு தலைப்புகளில் அட்டைகள் வெளிவருவதுண்டு என்பதால், கூடத்தின் முத்திரை, தகட்டு எண், திரை, விரிப்பு ஆகியவற்றை முதலில் ஒப்பிட வேண்டும். அதன் பின்னரே அணிகலனும் கருவியும், இறுதியிலேயே முகம். பட்டியலில் அச்சிட்ட தலைப்பை மேற்கோள் குறிக்குள் ஒரு நிரலிலும், ஆய்வாளர் கண்ட விளக்கத்தை வேறொரு நிரலிலும் பதிந்து, பெயருக்கான மூன்றாம் நிரலை வெறுமையாக விட்டுவைப்பதே தகும்.